பழைய வீவக வீட்டுக்குப் புது வயரிங்: திட்டம் போடுவதிலிருந்து டெஸ்ட் வரை

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் அம்மா இருக்கும் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு 1979ல் சாவி கிடைத்தது. அப்போது அந்த வீட்டில் மின்சாரத்தில் ஓடியவை சில டியூப் லைட், இரண்டு ஃபேன், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு டிவி, அவ்வளவுதான். போன வருஷம் வரைக்கும் அதே கம்பிகளில்தான் மூன்று அறைக்கு ஏர்கான், குளியலறை ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், அம்மாவின் கிரைண்டர், பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு மல்டிபிளக், அந்த மல்டிபிளக்கில் இன்னொரு மல்டிபிளக் என்று எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. "நாற்பது வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பது அம்மாவின் வாதம். ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குக் காரணம் வயரிங் நன்றாக இருந்தது இல்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் வயரிங் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்யலாம். எல்லாரும் சுருக்கமாக எல்இடபிள்யூ என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஊரில் வீட்டு வயரிங் எல்லாம் நானே பார்த்தவன் என்ற பெருமை இங்கே செல்லாது. ஆனால் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். என்ன வேண்டும் என்று திட்டம் போடுவது, கொட்டேஷனைப் படித்துப் புரிந்துகொள்வது, சுவர் மூடும் முன்னால் பார்ப்பது, முடிவில் டெஸ்ட் முடிவைக் கேட்டு வாங்குவது, இவை நான்கும் நம் தலையில்தான் விழும். அதில் கோட்டை விட்டால் பளபளவென்று புது சுவிட்சும் அதற்குப் பின்னால் பழைய கோளாறும்தான் மிஞ்சும்.

முதல் படி: டிபி பாக்ஸைத் திறந்து படியுங்கள்

டிபி பாக்ஸ் என்பது மின்சாரத்தை வீடு முழுக்கப் பிரித்து அனுப்பும் பெட்டி. வாசல் பக்கம் மேலே இருக்கும் அந்தப் பெட்டியின் கதவை மட்டும் திறங்கள். உள்ளே திருகாணி போட்டு மூடிய தகட்டைத் தொட வேண்டாம். கதவைத் திறந்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

மெயின் சுவிட்சில் 30 அல்லது 32 ஆம்ப் என்று எழுதியிருக்கிறதா, 40 என்றா? 1994க்கு முன்னால் கட்டிய வீவக வீடுகளில் பொதுவாக 30 ஆம்ப்தான். அடுத்து, ‘டெஸ்ட்’ என்று எழுதிய சின்னப் பொத்தானோடு ஆர்சிசிபி (மின்சாரம் ஒழுகினால் சப்ளையை அறுக்கும் சுவிட்ச்) இருக்கிறதா பாருங்கள். 1985 ஜூலைக்கு முன்னால் கட்டிய வீடுகள் பலவற்றில் இது இல்லாமலே இருந்தது. எல்லா வீட்டிலும் இது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து, இல்லாதவர்கள் 2025 ஜூலை 1க்குள் பொருத்த வேண்டும் என்று கெடு வைத்தார்கள். இன்னும் உங்கள் வீட்டில் இல்லை என்றால் மற்ற எதற்கும் முன்னால் இதை முடியுங்கள்.

இதைப் பலர் எம்சிபியோடு (அளவுக்கு மீறி மின்சாரம் போனால் தானாக விழும் சின்ன சுவிட்ச்) குழப்பிக்கொள்கிறார்கள். எம்சிபி கம்பியைக் காப்பாற்றும், ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றும். 20 ஆம்ப் எம்சிபியைப் பொறுத்தவரை உங்கள் உடம்பு வழியாகப் போகும் மின்சாரம் ஒரு கொசு. அது விழுவதற்குள் நாம் விழுந்துவிடுவோம். ஆர்சிசிபி செய்வது வேறு கணக்கு. லைவ் கம்பியில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 30 மில்லிஆம்ப் வந்தால், எங்கேயோ ஒழுகுகிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும்.

மூன்றாவதாக எத்தனை எம்சிபி இருக்கிறது என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டில் நான்கே நான்கு. சமையலறை, ஹால், ஒரு படுக்கையறை எல்லாம் ஒரே சர்க்கிட்டில், அதாவது ஒரே எம்சிபிக்குக் கீழே. பீங்கான் பிடிக்குள் ஃபியூஸ் கம்பி கட்டும் பழைய வகை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

பெட்டிக்கு வெளியே பார்க்க வேண்டியவை: தொட்டால் சூடாக இருக்கும் பிளக், பழுப்பேறிய சுவிட்ச் தகடு, கெட்டில் போட்டவுடன் மங்கும் விளக்கு, லேசான எரிந்த நாற்றம். எங்கள் வீட்டில் ஹால் விளக்கைக் கழற்றியபோது, எல்இடபிள்யூவோடு வந்த புதுக்கோட்டைத் தம்பி "அண்ணே, வயர் முறுக்கு மாதிரி நொறுங்குது" என்றார். வருஷக்கணக்காக விளக்குச் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் உறை அப்படித்தான் ஆகும். சுவருக்குள் இருக்கும் பகுதி நன்றாக இருந்தாலும் நுனி போயிருக்கும்.

முழுசா, பாதியா?

நுனி நொறுங்குகிறது, சர்க்கிட் எண்ணிக்கை போதவில்லை, விளக்குகளுக்கு எர்த் கம்பியே வரவில்லை, இவற்றில் இரண்டு இருந்தால் முழுசாக மாற்றிவிடுங்கள். பாதி மாற்றி, மூன்று வருஷம் கழித்து மறுபடியும் சுவரை உடைத்துப் பெயின்ட் அடிப்பதற்கு ஆகும் செலவு கடைசியில் அதிகம். கையில் பணம் இறுக்கம் என்றால் டிபி பாக்ஸ், ஹீட்டர் சர்க்கிட், சமையலறை என்ற வரிசையில் செய்யுங்கள். படுக்கையறை காத்திருக்கும்.

பாதி மட்டும் மாற்றுகிறவர்கள் கம்பி நிறத்தில் கவனமாக இருக்க வேண்டும். பழைய முறையில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். 2009 மார்ச்சிலிருந்து பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். பாதி வீட்டில் ஒரு முறை, பாதி வீட்டில் இன்னொரு முறை என்று இருந்தால் அதை எழுதி டிபி பாக்ஸில் ஒட்டச் சொல்லுங்கள், அடுத்து வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

எவ்வளவு இழுக்கிறோம் என்று கணக்குப் போடுவது

இங்கே மின்சாரம் 230 வோல்ட். அதை ஆம்ப்பால் பெருக்கினால் வாட் வரும். 30 ஆம்ப் மெயின் சுவிட்ச் என்றால் 6,900 வாட், 40 என்றால் 9,200.

இப்போது சாயங்காலம் ஏழு மணியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் குளிக்கிறார், ஹீட்டர் 3,300. அடுப்பில் சாம்பார், இண்டக்‌ஷன் 2,000. டீக்குத் தண்ணீர், கெட்டில் 2,000. இரண்டு அறையில் ஏர்கான், ஏறக்குறைய 1,500. மொத்தம் 8,800 வாட், அதாவது 38 ஆம்ப். ஐஸ் பெட்டியையும் டிவியையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

"அப்படியானால் தினமும் டிரிப் ஆகியிருக்க வேண்டுமே, ஆகலையே?" அம்மா கேட்டது இதைத்தான். பிரேக்கர் கத்தி மாதிரி 30ஐத் தாண்டியவுடன் வெட்டாது. வீடுகளில் போடும் எம்சிபி, அதன் அளவைப்போல் 1.13 மடங்கு வரைக்கும் ஒரு மணி நேரம் தாங்கும்படியும், 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழும்படியும் செய்யப்படுகிறது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில் அது பாட்டுக்கு விழாமல் நிற்கும், கம்பி பாட்டுக்குச் சூடாகும். குளியலும் சமையலும் அரை மணியில் முடிந்துவிடுவதால் தப்பித்துக்கொண்டிருந்தோம். நாற்பது வருஷமாக ஒன்றும் ஆகாத ரகசியம் அதுதான், அம்மாவின் ராசி இல்லை.

உங்கள் வீட்டுப் பொருள்களின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு தாளில் வாட் எழுதுங்கள். பக்கத்தில் எந்த நேரத்தில் ஓடும் என்றும் எழுதுங்கள். எல்லாவற்றையும் கூட்ட வேண்டாம், ஒரே நேரத்தில் ஓடக்கூடியதைக் கூட்டுங்கள். கிரைண்டர் பெரிய சத்தம் போடும், ஆனால் சில நூறு வாட்தான். ஒரு சத்தமும் போடாத ஹீட்டர்தான் பெரிய தீனிக்காரன்.

30ஐ 40 ஆக்குவது

பலர் ஏமாறுவது இங்கேதான். மெயின் சுவிட்சை மட்டும் 40 ஆக்கிவிட்டால் வேலை முடியாது. மீட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி, வெளியே இருக்கும் ஃபியூஸ், புளோக்குக்கே வரும் சப்ளை எல்லாம் தாங்க வேண்டும். அதனால் இதற்கு வீவகவின் அனுமதி வேண்டும், எல்இடபிள்யூ வழியாகவே விண்ணப்பியுங்கள். மீட்டர் பக்கம் இருக்கும் முத்திரை வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் எஸ்பி குழுமத்துடையது, அதை யாரும் சும்மா உடைக்கக் கூடாது. "அதெல்லாம் வேண்டாம் சார், நானே சுவிட்சை மாத்திடறேன்" என்று ஒருவர் எங்களிடமும் சொன்னார். அத்தோடு அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

விண்ணப்பிக்கும் முன் இன்னொன்றைப் பாருங்கள்: பழைய வீவக வீடுகளைப் புதுப்பிக்கும் அரசாங்கத்தின் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் உங்கள் புளோக் வருகிறதா? அந்தத் திட்டத்தின் அத்தியாவசிய வேலைகளில், சாத்தியமுள்ள இடங்களில், மின் சப்ளையைக் கூட்டுவதும் ஒன்று. குடிமக்களுக்கு அந்த அத்தியாவசிய வேலைகளின் செலவை அரசாங்கமே ஏற்கிறது. முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கு இருந்ததை, 1997 வரை கட்டியவற்றுக்கும் என்று 2018ல் நீட்டித்தார்கள். புளோக்கில் 75 விழுக்காட்டுக் குடிமக்கள் குடும்பங்கள் வாக்களித்து ஒப்புக்கொள்ள வேண்டும். வாக்கெடுப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் கொஞ்சம் பொறுத்து, அதோடு சேர்த்து உள் வயரிங்கைச் செய்வது புத்திசாலித்தனம்.

40 கிடைக்கவே வழியில்லை என்றால் பொருள்களைக் குறைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். இரண்டு அடுப்பு கொண்ட 7,000 வாட் இண்டக்‌ஷன் மட்டுமே 30 ஆம்ப் தின்றுவிடும். அந்த ஆசையை விட்டுவிட்டுக் கேஸ் அடுப்பிலேயே இருங்கள்.

ஆளைத் தேடுவது

எல்இடபிள்யூ உரிமத்தில் மூன்று நிலை உண்டு: எலெக்ட்ரீஷியன், டெக்னீஷியன், என்ஜினியர். வீவக வீட்டுக்கு எலெக்ட்ரீஷியன் நிலையே போதும், அவர்கள் 45 கேவிஏ (ஏறக்குறைய 45,000 வாட்) வரை பார்க்கலாம், நம் வீடு அதில் கால்வாசிகூட வராது. உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. சுவர் உடைக்கும் வேலையும் இருந்தால் ஒப்பந்தக்காரர் வீவகவின் பட்டியலில் இருக்க வேண்டும்.

முதலில் வந்த ஒருவர் எங்களுக்கு ஒரே வரியில் கொட்டேஷன் கொடுத்தார்: "முழு வீடு ரீவயரிங்". எத்தனை பாயின்ட், என்ன கம்பி, எத்தனை சர்க்கிட், ஒன்றும் இல்லை. விலை மற்றவர்களைவிடக் குறைவு, அதில் மயங்கி முன்பணம் கொடுக்கக் கையெழுத்து வரை போனேன். எதற்கும் என்று "பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுசு போடுவீங்கதானே?" என்று கேட்டேன். அவர் கணக்கில் சமையலறையும் டிபி பாக்ஸும்தான் புதுசு, மற்ற இடமெல்லாம் சுவிட்ச் தகடு மட்டும் மாற்றுவாராம்.

அதனால் கொட்டேஷனில் இவை எழுத்தில் இருக்க வேண்டும்: ஒவ்வொரு சர்க்கிட்டின் கம்பி அளவும் எம்சிபி அளவும், லைட் பாயின்ட்டும் பவர் பாயின்ட்டும் எத்தனை, கூடுதல் பாயின்ட் ஒன்றுக்கு எவ்வளவு வெள்ளி, பழைய கம்பியை உருவுவது யார், சுவர் பூசுவது யார், டெஸ்ட் முடிவு எழுத்தில் தருவாரா. கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரை விட்டுவிடுங்கள்.

நாங்கள் கடைசியில் எடுத்தவர் ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகும் ஒரு பெரியவர். விலை நடுவில்தான் இருந்தது. மற்றவர்கள் சுவரைப் பார்த்தபோது இவர் முதலில் அம்மாவிடம் "அம்மா, கிரைண்டரை எங்க வச்சு அரைப்பீங்க?" என்று கேட்டார்.

எங்கே என்ன வேண்டும்

பெயின்டர் டேப் ஒரு சுருள் வாங்குங்கள். ஒரு வாரம் வீட்டில் சும்மா வாழுங்கள், எங்கெல்லாம் எக்ஸ்டென்ஷன் கம்பி ஓடுகிறதோ அங்கே ஒரு துண்டு ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் பதினொன்று விழுந்தது. அதில் நான்கு பூஜை அலமாரியைச் சுற்றி: மின்விளக்கு, சீரியல் லைட், மந்திரம் பாடும் பெட்டி, தீபாவளிக்கு வரும் கூடுதல் அலங்காரம். எண்ணெய் விளக்குக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய மல்டிபிளக் இருந்தது. இப்போது அலமாரியின் பக்கவாட்டில், விளக்குக்கு எட்டாத உயரத்தில், டபுள் பாயின்ட் இரண்டு.

சமையல் மேடைக்கு மேலே நினைப்பதைவிட இரண்டு கூடுதலாகப் போடுங்கள், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நேர் மேலே மட்டும் வேண்டாம். ஒரு மல்டிபிளக்கின் மொத்தத் தாங்கும் சக்தி 13 ஆம்ப், கிட்டத்தட்ட 3,000 வாட். கெட்டிலும் ஏர் ஃபிரையரும் ஒன்றாகச் சேர்ந்தாலே முடிந்தது. வைஃபை பெட்டிக்கு, தலைமாட்டில் போனுக்கு, வயதானவர்கள் குனியாமல் எட்டும்படி கொஞ்சம் உயரத்தில், இப்படி யோசித்துக்கொண்டே போகலாம். ஹீட்டர் சுவிட்ச் குளியலறைக்கு வெளியேதான்.

சர்க்கிட் பிரிப்பது

காசு போக வேண்டிய இடம் இதுதான். கண்ணாடி மாதிரி மின்னும் சுவிட்ச் தகட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு சர்க்கிட் கூடுதலாகப் போட்டுவிடலாம்.

எங்கள் மூவறை வீட்டில் முடிவானது இது. விளக்கும் ஃபேனும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில், 10 ஆம்ப் எம்சிபி, இரண்டு சர்க்கிட். ஒன்று விழுந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது. ஹாலும் படுக்கையறைகளும் பவர் பாயின்ட்டுக்கு 2.5 கம்பி, 20 ஆம்ப். சமையலறைக்குத் தனியாக இரண்டு. ஹீட்டருக்குத் தனி, 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, 20 ஆம்ப். ஏர்கானுக்குத் தனி. அதோடு டிபி பாக்ஸில் இரண்டு காலி இடம், பின்னால் என்ன வாங்குவோம் என்று யாருக்குத் தெரியும்.

20 ஆம்ப்புக்கு 2.5 போதாதா, ஹீட்டருக்கு ஏன் 4 என்று கேட்டேன். திறந்த இடத்தில் போகும் கம்பி ஆறும், நான்கைந்து கம்பியோடு ஒரே குழாயில் நெருக்கியடித்துப் போகும் கம்பி ஆறாது, அதனால் அது தாங்கும் அளவு குறையும் என்றார் பெரியவர். சரியான பதில். நம் ஊர் வெயிலில் இது இன்னும் முக்கியம்.

பவர் பாயின்ட்டுகளை, டிபி பாக்ஸில் கிளம்பி அங்கேயே திரும்பி வரும் வளையமாக இழுத்து 32 ஆம்ப் போடும் முறையும் உண்டு, தப்பில்லை. ஆனால் வளையம் ஓரிடத்தில் அறுந்தால் வெளியே தெரியாது. எல்லாம் வேலை செய்துகொண்டே இருக்கும், ஒரு பக்கக் கம்பி மட்டும் முழுச் சுமையைச் சுமக்கும். அதனால் பழைய வீட்டில் எனக்குக் கம்பி கடைசிப் பாயின்ட்டோடு முடிந்துவிடும் நேர்கோட்டு முறைதான் பிடிக்கும்.

இன்னொரு யோசனை: ஆர்சிசிபி ஒன்றே ஒன்று இருந்தால் எங்கே ஒழுகினாலும் வீடு மொத்தமும் அணையும். ஊருக்குப் போயிருக்கும்போது அப்படி ஆனால் ஐஸ் பெட்டியில் இருக்கும் மீன் கதி அதோகதி. ஐஸ் பெட்டிக்கு மட்டும் எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்த ஆர்சிபிஓ தனியாகப் போட்டுக்கொண்டோம்.

சுவருக்குள்ளா, வெளியிலா

வீவக வீட்டில் கான்கிரீட் சுவர், தூண், பீம், தளம் எதையும் வெட்டக் கூடாது. செங்கல் சுவரில், அனுமதியோடு, பள்ளம் எடுத்துக் குழாய் பதிக்கலாம். கூரையில் ஒட்டித்தான் கம்பி போகும் என்பதால் பழைய வீடுகளில் வெளியே தெரியும் பிளாஸ்டிக் டிரங்கிங் (கம்பியை உள்ளே வைத்து மூடும் நீளப் பெட்டி) தவிர்க்க முடியாது. மூலையோடு மூலையாக ஓட்டி, சுவரின் நிறத்தையே அடித்துவிட்டால் கண்ணில் படாது. பொய்க்கூரை போட்டு மறைப்பவர்கள் ஜாயின்ட் வரும் இடத்தில் திறக்கும்படி மூடி வைக்கச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும் நாள்கள்

உடைப்பது, வெட்டுவது போன்ற சத்தமான வேலை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். சனிக்கிழமை சத்தமில்லாத வேலை நடக்கலாம், ஞாயிறும் பொது விடுமுறையும் கூடாது. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு மூன்றுக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அம்மா ஆளுக்கு ஒரு தட்டு கேசரி கொடுத்தார், எதிர் வீட்டு மலாய்க்கார அக்கா எங்கள் ஐஸ் பெட்டிச் சாமான்களைத் தன் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்.

சுவரைப் பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுங்கள், அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்து. பின்னால் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும். அதே நேரத்தில் எல்லாக் குழாயிலும் பச்சை-மஞ்சள் எர்த் கம்பி போயிருக்கிறதா, விளக்குகளுக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு உடல் கொண்ட ஃபேனுக்கு அது கட்டாயம்.

டெஸ்ட்

சுவிட்சைப் போட்டு விளக்கு எரிகிறது என்று காட்டுவது டெஸ்ட் இல்லை. பக்கத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள். 500 வோல்ட் கருவியால் கம்பி உறையின் தடை அளக்க வேண்டும், குறைந்தது 1 மெகாஓம், புதுக் கம்பியில் அதைவிடப் பல மடங்கு வரும். எர்த் கடைசிப் பாயின்ட் வரை அறுபடாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். சுவிட்ச் லைவ் கம்பியில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நியூட்ரலில் போட்டிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். ஆர்சிசிபியைக் கருவி வைத்து எத்தனை மில்லிசெகண்டில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் பெரியவர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த வேலைகளுக்கான சிங்கப்பூர்த் தரநிலை எஸ்எஸ் 638, தாளில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

டிபி பாக்ஸில் ஒவ்வொரு எம்சிபிக்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் யார் படிக்க வேண்டுமோ அவர்கள் மொழியில். எங்கள் வீட்டில் தமிழில்.

அப்புறம்

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கே எல்இடபிள்யூவைக் கூப்பிடுங்கள்.

தானாக விழுந்தால் பதற வேண்டாம். எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்கள், ஆர்சிசிபியை மேலே ஏற்றுங்கள், பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த சர்க்கிட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். இப்போது நின்றால் கோளாறு பொருளில், ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பிளக் எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் கோளாறு வயரிங்கில், அதற்கு மேல் கை வைக்காதீர்கள். புது வயரிங் முடிந்த இரண்டாவது வாரமே எங்கள் வீட்டில் விழுந்தது. ஜொகூர்க்காரரைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்ததில் சிக்கியது அம்மாவின் பழைய இஸ்திரிப் பெட்டி. ஆர்சிசிபி இல்லாத காலத்தில் அது எத்தனை வருஷம் ஒழுகிக்கொண்டிருந்ததோ.